வாசல் தப்பிய விருந்தாளிக்குச் சிரிக்கும் முறை

தாஷ்கெசூ நகர இசைமன்றத்தில் சிரிப்பதற்குத் தடை ஒன்றும் கிடையாது. சிரிக்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே தெரிவித்துவிடுவார்கள், அவ்வளவுதான். நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும்: முதல் பகுதியில் புன்னகை, இரண்டாம் பகுதியில் பல் தெரியாத சிரிப்பு, கடைசியில் கட்டுப்பாடான உற்சாகம். இவற்றை வகுத்துக் கொடுப்பதற்கென்றே மன்றத்தின் மேல்மாடியில் கேட்போர் எதிர்வினைப் பிரிவு என்று ஒன்று இயங்கிவந்தது. இசை எழுதுகிறவர்கள் இசையை எழுதுவார்கள். அதைக் கேட்டவருக்கு என்ன ஆக வேண்டும் என்பதைப் பிரிவு எழுதும்.

புது மாதிரி இசை வந்த பிறகு பிரிவுக்கு வேலை கூடிவிட்டது. பழைய இசையென்றால் சிக்கலில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். தூங்குகிறவருக்கும் உருகுகிறவருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்தப் புதுப் பிள்ளைகளோ வயலினைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள், வில்லால் தேநீர்க் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கிறார்கள், பாதியில் எழுந்து ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் போய் உட்காருகிறார்கள். கேட்டவர்கள் மோவாயைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மோவாயைத் தடவுவது பிரிவின் பட்டியலில் இல்லாத எதிர்வினை. ஆகவே அமைச்சகத்துக்கு எழுதி ஒரு வகைப்பாடு வாங்கினார்கள்: 'விளையாட்டு இசை, சிறு குழுவுக்கானது'. விளையாட்டு என்று முத்திரை விழுந்துவிட்டால் கேட்கிறவர் சிரித்தாக வேண்டும்.

கேட்கிறவர் யார் என்பதிலும் குழப்பமில்லை. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முறைவைத்து டிக்கெட் வந்துவிடும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தபால், லாரிக் கிடங்கு. டிக்கெட் வந்தால் போக வேண்டும். அந்த டிசம்பரில் முறை குடிநீர் அலுவலகத்துக்கும் வந்தது.

குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அனார்குல். ஊரில் யார் வீட்டுக் குழாய் உறைந்தாலும் முதலில் அவள் குரலைத்தான் கேட்க வேண்டும். அவள் கணவன் ஷார்ஷென் நிலக்கரி லாரி ஓட்டினான். ஆறேழு குளிர்காலத்துக்கு முன், கோக்பெல் கணவாயில் பனி இறங்கிய ஒரு மத்தியானம், லாரி மட்டும் பள்ளத்தில் கிடைத்தது. கதவு திறந்திருந்தது. இருக்கையின் மேல் தேநீர்க் குடுவை சாயாமல் நின்றது. ஆளைக் காணோம். பனி உருகி ஆறு வடிந்த பிறகும் காணோம். செத்தான் என்று சொல்ல உடல் இல்லை. எல்லை தாண்டிப் போய் வேறு குடும்பம் வைத்திருக்கிறான் என்று சொல்ல வாய்கள் இருந்தன.

அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் ஆண்கள் தெருமுனையிலிருந்தே கையை இடுப்பில் ஊன்றிக் குனிந்து, "போயிட்டியே என் தம்பீ!" என்று அலறிக்கொண்டு ஓடிவருவார்கள். அந்தச் சத்தம் வாசலுக்கு வந்ததும் உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி ஒப்பாரி எடுப்பார்கள். வெளியிலிருந்து அலறல் வராமல் உள்ளிருந்து ஒப்பாரி எடுப்பது முறையில்லை. அனார்குல் வாசலுக்கு எந்த அலறலும் வரவில்லை. அதனால் அவள் அழவில்லை. கறுப்பு உடுத்தவில்லை. ஆணியில் தொங்கிய அவனுடைய வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தொடவில்லை. கதவுக்குத் தாழ் போடுவதை மட்டும் விட்டுவிட்டாள். எந்நேரமும் கதவு சும்மா சாத்தியிருக்கும். குளிர் உள்ளே வந்தது. வேறு யாரும் வரவில்லை.

கச்சேரி அன்று அவளுக்கு மண்டபத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டிய இடம். பக்கத்தில் அளவீட்டுப் பிரிவு ஜூராகான். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை மெல்லுகிறவள்.

"அடியே, பின்பக்கம் படிச்சியா? நமக்கு மூணு எடத்துல சிரிப்பு போட்டிருக்கான். ரெண்டாவது சிரிப்புல பல்லு தெரியக்கூடாதாம். எனக்கு முன்னாடி வரிசையே தங்கப்பல்லு. அதைக் கழட்டி எங்கடி வெப்பேன்?"

"சும்மா வாயை மூடிக்கிட்டு சிரிங்கக்கா."

"வாயை மூடிக்கிட்டா அதுக்குப் பேரு சிரிப்பா? வயித்துவலி."

அன்று வாசித்தது 'வாசல் தப்பிய விருந்தாளி' என்றொரு புது ஆக்கம். எழுதியவள் ஜிபெக் என்ற ஒல்லிப் பெண். செல்லோ வாசிப்பவளும் அவளே. மேடையில் மற்ற மூவர் ஒரு சின்ன மேசைக்கு விரிப்புப் போட்டார்கள். தேநீர் ஊற்றினார்கள். விருந்தாளிக்குக் காத்திருக்கிற தோரணையில் வயலின்களைச் சொறிந்துகொண்டார்கள். விருந்தாளி வரவில்லை. விருந்தாளி செல்லோதான். ஜிபெக் செல்லோவை வார்போட்டு மார்பில் கட்டிக்கொண்டு, வாசித்தபடியே மண்டபத்துக்கு வெளியில் வழிதேடி அலைய வேண்டும்; கோட்டு மாட்டும் அறை, கழிவறை என்று ஒவ்வொரு தப்பான கதவாகத் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் மேடையில் மூவரும் எழுந்து நின்று, ஏமாந்து உட்கார வேண்டும். தூணோரம் நின்ற பணிப்பெண் வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்தினால் மண்டபம் சிரிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதலில் சத்தம் தெருப் பக்கமிருந்து வந்தது. உயரத்தில் பிடித்து, அங்கேயே உடைந்து, வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் ஒரு சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடி, கொஞ்சம் கிட்டத்தில். பிறகு படிக்கட்டில். பிறகு தாழ்வாரத்தில், நடக்கிறவரின் மூச்சோடு சேர்ந்து.

ஜூராகான் விதை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

வந்துவிட்டார்கள் என்று அனார்குல் நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் உடம்பு நாற்காலியிலேயே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. வாய் திறந்தது.

"கணவாய் ஏறிப் போனவரே,
கதவைச் சாத்தாமப் போனவரே,
பனியும் உம்மைப் பார்த்திருக்க
பாவி நான் பார்க்கலையே…"

ஒருத்தி எடுத்துவிட்டால் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது அந்த ஊரில் மகா பாவம். குடிநீர் அலுவலகம் திரும்பியது. பள்ளிக்கூடம் திரும்பியது. ஆளாளுக்கு ஒரு சுவர் கிடைக்காததால் நடுவரிசைக்காரர்கள் ஒருவர் முதுகை ஒருவர் சுவராக வைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் லாரிக் கிடங்கு ஆண்கள் எழுந்து நின்றார்கள். கை இடுப்புக்குப் போனது. வாய் மட்டும் திறக்கவில்லை. உள்ளே வந்த ஜிபெக் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆனால் வில்லைக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. ஒப்பாரி போகிறபோது வாசிப்பை நிறுத்தவும் அவளுக்குத் துணிவில்லை. மேடையில் மூவரும் தலைகுனிந்து நின்றார்கள், தேநீர் ஆறியது. கைக்குட்டைப் பணிப்பெண் கைக்குட்டையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது உயர்ந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரி வரிசையில் இருவர் பொறுப்பாகச் சிரித்தார்கள்.

மறுநாளே அனார்குலுக்கு மேல்மாடியிலிருந்து அழைப்பு வந்தது.

எதிர்வினைப் பிரிவின் தலைவர் கெனென் ஒரோசொவிச். அவர் அறை ஜன்னலுக்கும் கதவுக்கும் இரட்டைத் தடுப்பு. கீழே ஒத்திகைச் சத்தம் வந்தால் வேலை கெடும் என்று.

"உட்காரு தங்கச்சி. பயப்படாத. இங்க யாரையும் தண்டிக்கிறதில்ல. திருத்துறோம், அவ்வளவுதான்."

"நான் வேணும்னு செய்யலீங்க."

"அதாம்மா பிரச்சினையே. வேணும்னு செஞ்சிருந்தா ஒழுங்கு நடவடிக்கை, ஒரு பக்கத்துல முடிஞ்சிரும். தானா வந்த எதிர்வினைக்கு எங்ககிட்ட விதியே இல்ல." பேனாவை எடுத்தார். "யாருக்காக அழுத?"

"எங்க வீட்டுக்காரருக்குங்க."

"காலமாயிட்டாரா?"

"தெரியாதுங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "தெரியாதா? அப்ப எந்த அடிப்படையில அழுத?"

நேற்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அனார்குலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் செத்துவிட்டானா? அவள் அழுததால் செத்துவிட்டானா?

"சோகத்துக்கு எங்ககிட்ட எடமில்லாம இல்ல," என்றார் கெனென் ஒரோசொவிச், குரலைத் தாழ்த்தி. "வசந்தத்துல நினைவுக் கச்சேரி வெச்சோம். இந்த வருஷத்து அழுகை மொத்தமும் அதுலயே தீர்ந்துபோச்சு. இப்ப கையில மிச்சம் இருக்கிறது சிரிப்பு மட்டுந்தான். வருஷம் முடியறதுக்குள்ள அதைச் செலவழிக்கலைன்னா, வர்ற வருஷம் அமைச்சகத்துல வெட்டிருவான். அப்புறம் தாஷ்கெசூவே சிரிக்க முடியாது. இந்த ஊர் மேல உனக்கு அக்கறை இருக்கா இல்லையா?"

"இருக்குங்க."

"என்னையே எடுத்துக்க. இத்தனை வருஷமா எல்லாக் கச்சேரிக்கும் முதல் வரிசை. ஒரே ஒரு தடவை எனக்கு ஏதாவது ஆச்சுன்னு எவனாவது சொல்லட்டும்! எங்கம்மா தவறின அன்னைக்கு இங்க ஒரு நால்வர் குழு வாசிச்சுக்கிட்டிருந்தது. ஊர்லேர்ந்து ஆள் வந்து வெளியில நிக்கிறான். நான் அசையலையே. கடைசி எதிர்வினை வரைக்கும் குறிச்சுக்கிட்டுத்தான் எழுந்தேன். போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. அந்த நிதானத்துக்குத்தான் இந்த நாற்காலி. இசைக்கு அசையாதவன்தான் இசை கேட்கிறவங்களை நடத்த முடியும்."

பெருமையாகச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே நேராகக் கிடந்த பேனாவை இன்னும் நேராக வைத்தார்.

பிறகு முடிவைச் சொன்னார். மாதக் கடைசியில் துணை அமைச்சர் வருகிறார். அதே ஆக்கம், அதே ஆட்கள், அதே இருக்கைகள். சிரிப்பு வந்தால் சரி. மறுபடி ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தாலும் அந்த ஆக்கம் விளையாட்டு இல்லை, சாவு இசை என்று வகை மாற்றப்படும். சாவு இசையென்றால் ஈமச்சடங்குத் துறைக்குப் போக வேண்டும். வாசிக்கிற நால்வரும் கூடவே போவார்கள். அந்தத் துறையில் அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, கூரையும் கிடையாது. முன்னெச்சரிக்கையாக, செல்லோ இனி வெளியிலிருந்து வரக்கூடாது. மேடையிலேயே உட்கார்ந்து வழி தவற வேண்டும். மண்டபக் கதவுகள் உள்பக்கம் தாழிடப்படும். அழுதவர்கள் எல்லாருக்கும் திருத்த வகுப்பு.

வகுப்பு இசைமன்றத்தின் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் நடந்தது. நடத்தியவள் குழுப்பாடல் ஆசிரியை ரொசாலியா பாவ்லோவ்னா.

"வயித்துலேர்ந்து வரணும்! தொண்டையிலேர்ந்து சிரிச்சா இருமுற மாதிரி இருக்கு. எங்கே, பள்ளிக்கூடம் நிறுத்துங்க. குடிநீர் அலுவலகம் மட்டும்!"

"ஹா, ஹா, ஹா," என்றது குடிநீர் அலுவலகம்.

ஜூராகான் கையைத் தூக்கினாள். "அம்மா, ஒரு சந்தேகம். சிரிக்கிற மாதிரி நீங்க ஏதாவது ஒண்ணு சொன்னீங்கன்னா நாங்களே சிரிச்சிருவோமே?"

"காரணத்தோட சிரிக்கிறது மேல்வகுப்பு. முதல்ல காரணமில்லாம பழகுங்க."

பழகினார்கள். நன்றாகவே பழகினார்கள். அத்தனை பெண்களும் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் முடிக்குமளவுக்கு. அந்தச் சிரிப்பு கொதிகலன் புகைக்குழாய் வழியாக ஏறித் தெருவில் போய் விழுந்தது. ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள், பனிக்குள்ளிருந்து எழும் அந்தப் பெண்குரல்களைக் கேட்டுவிட்டு, கல்லறை தாண்டிப் போகிறவர்களைப் போல இரு கையாலும் முகத்தைத் தடவி ஆமீன் சொன்னார்கள். நாய்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தின.

அனார்குலுக்குச் சிரிப்பு கைவந்துவிட்டது. அதுதான் தொந்தரவு. ஒருநாள் புகார்த் தொலைபேசியில் ஒரு முதியவர், "குழாய் வெடிச்சு வீடெல்லாம் தண்ணிம்மா," என்றார். அவள் வாய் தானாக வயிற்றிலிருந்து மூன்று தடவை சிரித்தது. பிறகு அவர் மெதுவாக, "நீ நல்லாயிருக்கியா தாயி?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று வகுப்பில் சொல்லித் தந்திருக்கவில்லை.

வீட்டிலும் சரியில்லை. பொழுது சாய்ந்ததும் அந்தச் சத்தம் வரும். உயரத்தில் பிடித்து, உடைந்து, கீழே இறங்கும். வேலியோரம் ஒரு தடவை. கரிக்கொட்டகைப் பக்கம் ஒரு தடவை. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போவாள். முற்றத்துப் பனியில் ஒரு காலடி இருக்காது. உள்ளே திரும்பினால் ஆணியில் தொப்பி லேசாக ஆடிக்கொண்டிருக்கும். கதவு திறந்த காற்றுதான். காற்றுதான் என்று சத்தமாகவே சொல்லிக்கொள்வாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து மேலே வந்தபோது ஜிபெக் வாசலில் காத்து நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, என்னைத் திட்டணும்னா திட்டிருங்க."

"உன்னை எதுக்குத் திட்டணும்? நான்தான் உன் விளையாட்டைக் கெடுத்தேன்."

"அது விளையாட்டாத்தான்கா எழுதினேன். எங்கப்பா குடிச்சிட்டு வருவாரு. ஒரே மாதிரி வீடுங்க, எங்க வீடு எதுன்னு தெரியாது. பாட்டுப் பாடிக்கிட்டே ஒவ்வொரு கதவா தட்டுவாரு. ஒவ்வொருத்தரும், 'இது இல்ல, அடுத்தது'ம்பாங்க. நாங்க உள்ள உட்கார்ந்து சிரிப்போம். அவ்வளவு சிரிப்போம்." அவள் கையுறையைக் கழற்றி மாட்டினாள். "போன வருஷம் பனியில எந்தக் கதவையும் தட்டாம இருந்துட்டாரு. அதை எழுதலை. சிரிச்சதை மட்டும் எழுதினேன். நீங்க திரும்பி உட்கார்ந்தீங்க பாருங்க, அப்பத்தான் எதை எழுதியிருக்கேன்னு எனக்கே கேட்டுச்சு."

அனார்குல் அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டாள்.

"அக்கா, இந்தத் தடவை சிரிச்சிருங்க. உள்ளுக்குள்ள என்ன வேணா இருக்கட்டும். மேல சிரிச்சிருங்க. எங்களுக்கு வேற கூரை இல்ல."

"சிரிக்கிறேன்டீ. இப்பத்தான் நல்லா வருதே," என்றாள் அனார்குல்.

லாரிக் கிடங்கு வாசலைத் தாண்டும்போது பெய்ஷேகான் வழிமறித்தான். ஷார்ஷெனுக்குக் கூட்டாளி, அன்று லாரியைப் பள்ளத்தில் கண்டெடுத்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான்.

"அன்னைக்குப் பின்வரிசையில இருந்தோம், அண்ணி."

"பார்த்தேன்."

"கை இடுப்புக்குப் போயிருச்சு. சத்தம் வெளிய வரலை. வரக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்." தரையைப் பார்த்தான். "நீங்க கதவைத் தாழ் போடுறதில்லைன்னு ஊருக்கே தெரியும். அப்படிக் கதவை வெச்சிருக்கிற வீட்டுக்கு அலறிக்கிட்டு வந்தா, அவனை நாங்களே கொன்ன மாதிரி ஆயிரும். அதான் இத்தனை வருஷமா வரலை. வராததும் ஒரு மாதிரி கொல்றதுதான். எனக்குத் தெரியும்."

"ஒருவேளை வந்துட்டார்னா, பெய்ஷேகான்?"

"வந்தா முதல் உதை எனக்குத்தான். சந்தோஷமா வாங்கிக்குவேன்." நிமிர்ந்தான். "நீங்க சொன்னா வர்றோம். சொல்லலைன்னா எப்பவும் கேட்க மாட்டேன்."

அவள் நடந்தாள். ஒரு சொல்லில் முடிகிற விஷயமில்லை அது. சரி என்றால் ஷார்ஷென் செத்துப்போவான். வேண்டாம் என்றால் இப்படியே வேலியோரம் சுற்றிக்கொண்டிருப்பான், வழி தெரியாமல், ஒவ்வொரு இரவும்.

துணை அமைச்சர் வருகிற அன்று காலை, வேலைக்குப் போகிற வழியில், அவள் கிடங்கு வாசலில் நின்றாள். பைக்குள்ளிருந்து வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்துப் பெய்ஷேகானிடம் நீட்டினாள். செத்தவரின் உடுப்பைத்தான் அந்த ஊரில் கூட்டாளிகளுக்குக் கொடுப்பார்கள். இருக்கிறவரின் தொப்பியை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை.

பெய்ஷேகான் கையிலிருந்த எண்ணெயை மார்பில் துடைத்துவிட்டு, இரு கையாலும் வாங்கிக்கொண்டான். நாளையோ மறுநாளோ வீட்டுக்கு வருவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இன்று மாலை சிரிக்க வேண்டியிருக்கிறது.

மாலை மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நரித்தோல் காலர் போட்ட துணை அமைச்சர் அம்மாள். அவருக்கு இருபுறமும் கைக்குட்டையை எப்போது பார்க்க வேண்டும் என்று பயிற்சி பெற்ற அதிகாரிகள். லாரிக் கிடங்கின் வரிசை மட்டும் காலி. கெனென் ஒரோசொவிச் அதைப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். கதவுகளைத் தாழிடச் சொல்லிச் சைகை காட்டினார். மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ். பிறகு எழுந்து பேசினார்.

"மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களே! இசைக்கு என்ன வேண்டும்? கேட்பவர். கேட்பவருக்கு என்ன வேண்டும்? வழிகாட்டுதல். வழிகாட்டாமல் விட்டால் மனிதன் எதையாவது நினைத்துக்கொள்கிறான். எங்கள் மன்றத்தில் யாரும் எதையும் நினைத்துக்கொள்வதில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்!"

கைதட்டினார்கள். அது மூன்றாம் வகைக் கைதட்டல்.

மேடையில் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விருந்தாளியும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். மூவரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். கைக்குட்டை உயர்ந்தது. புன்னகை வந்தது. ஜூராகான் உதட்டை இறுக்கித் தங்கத்தை மறைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகப் போனது.

அந்த இடம் வந்தது. ஜிபெக் வில்லைத் தூக்கினாள். தூக்கிய வில் கம்பிக்கு மேலேயே நின்றது. இறங்கவில்லை. அவள் அனார்குலைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள். மண்டபம் அமைதியாகக் கிடந்தது. அந்த அமைதிக்கு நிகழ்ச்சித் தாளில் எந்த எதிர்வினையும் போடவில்லை.

அப்போது வெளியிலிருந்து வந்தது.

முதலில் தெருப் பக்கம். உயரத்தில் பிடித்து, உடைந்து, இறங்கியது. செல்லோ மேடையில் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அது சும்மா இருந்தது. சத்தம் படிக்கட்டுக்கு வந்தது. ஒரு குரல் இல்லை, பல குரல்கள். தாழ்வாரத்துக்கு வந்தது.

"போயிட்டியேடா ஷார்ஷென்! போயிட்டியே என் தம்பீ!"

கதவு அதிர்ந்தது. கைக்குட்டைப் பணிப்பெண் தூணை விட்டு ஓடினாள். மேல்தாழ் உயரத்தில் இருந்தது. நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினாள். கையில் கைக்குட்டை.

முதல் வரிசை சிரித்தது. வயிற்றிலிருந்து, ஒரே மூச்சில்.

கதவு திறந்தது. தோளெல்லாம் பனியோடு லாரிக்காரர்கள் குனிந்து, கையை இடுப்பில் ஊன்றி, அலறிக்கொண்டு வந்தார்கள். முன்னால் பெய்ஷேகான், மார்போடு அணைத்த வெள்ளைத் தொப்பியோடு. துணை அமைச்சர் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். "ஐயோ, என்ன துணிச்சல்! அந்தத் தொப்பி யாரோட யோசனை?" என்றார். அதிகாரிகள் கைக்குட்டையைப் பார்த்தார்கள்; அது கீழ்த்தாழுக்கு இறங்கி மறுபடி கண்ணுக்கு உயர்ந்தது; மறுபடி சிரித்தார்கள்.

அனார்குல் சுவர்ப்பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை வாய் தானாகத் திறக்கவில்லை. அவளே திறந்தாள்.

"வந்துட்டாங்க, உம் கூட்டாளி வந்துட்டாங்க,
வாசல் தெரியாம நின்னவரே வந்துடுங்க.
இதுதான் வீடு, அடுத்ததில்ல, இதுதான்.
இனி அலைய வேணாம், இறங்கிப் படுத்துக்குங்க…"

நாற்காலிகள் கிரீச்சிட்டன. மண்டபமே மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. ஜிபெக்கின் வில் இறங்கியது, அவள் வாசித்தாள், எழுதியதையா எழுதாததையா என்று அவளிடம் பின்னால் யாரும் கேட்கவில்லை. முதல் வரிசைக்கு மட்டும் நடப்பது இன்னதென்று புரியவில்லை. அது கைக்குட்டையை நம்பிக் கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தது.

கெனென் ஒரோசொவிச்சும் சிரித்தார். ஆனால் கதவுக்கு வெளியே முதல் குரல் கேட்டபோது அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்ததை ஜூராகான் பார்த்தாள். எழுந்து, கதவைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். வாய் சிரித்த வாக்கிலேயே இருந்தது.

ஆக்கத்துக்கு அமைச்சகத்தின் முதல்தர விளையாட்டுச் சான்று கிடைத்தது. நால்வரும் கூரைக்குள் தங்கினார்கள். அறிக்கையில், 'கேட்போர் மேடைக்கு முதுகு காட்டி அமர்ந்தது புதுமையான பங்கேற்பு. துக்கம் ஏதும் காணப்படவில்லை' என்று இருந்தது.

அன்று அனார்குல் வீட்டில் வாசல் கொள்ளாத கூட்டம். எல்லாரும் போன பிறகு அவள் கதவைச் சாத்தித் தாழைத் தள்ளினாள். துருவேறியிருந்தது. உள்ளங்கையால் அடித்து அடித்துத் தள்ள வேண்டியிருந்தது. உள்ளே போனதும் ஆணி வெறுமையாக இருந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த வாரம் புகார்த் தொலைபேசி அடித்தது.

"குடிநீர் அலுவலகம்."

"நான்தாம்மா, கெனென் ஒரோசொவிச். அந்த ஓட்டுநர் குழு எந்தப் பிரிவுல பதிஞ்சிருக்காங்க? மாசாமாசம் போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதாங்க வருவாங்க."

"அப்படியா." கொஞ்சம் யோசித்தார். "வேற ஆளுக்கு?"

"உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

எதிர்முனையில் பேச்சில்லை. இரட்டைத் தடுப்புப் போட்ட அறையின் அமைதி அது. அவள் காத்திருந்தாள், காத்திருந்து பழக்கம்.

"எங்கம்மா போய் ரொம்ப வருஷம் ஆயிருச்சே," என்றார் கடைசியில். குரல் அலுவலகக் குரலாக இல்லை. "இனிமே வந்தா வீடு தெரியுமா அவங்களுக்கு?"

"கதவைத் தாழ் போடாம வெச்சுப் பாருங்கண்ணே," என்றாள் அனார்குல்.

மறுநாள் கேட்போர் எதிர்வினைப் பிரிவிலிருந்து காவலாளிக்கு ஓர் உத்தரவு இறங்கியது. இனி இரவில் மண்டபத்தின் கதவுகளைத் தாழிட வேண்டாம். காரணம் குறிப்பிடப்படவில்லை.